ஒரே பந்தியில் இரண்டு சோறு

போன மாதம் சின்னசேலத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். சமையல் என்னுடையது. வந்தவர்களில் பாதிப் பேர் மாத்திரை டப்பாவோடு வந்தவர்கள். மாப்பிள்ளைக்கு சர்க்கரை. அவர் சம்சாரத்துக்கு பிரஷர். சம்பந்திக்கு கிட்னி சரியில்லை, பருப்பு ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்த பேரனுக்கு கோதுமை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஐந்து அடுப்பு மூட்டி ஐந்து விதமாக ஆக்கி இறக்கினேன். ஒருத்தர் சாப்பாடு இன்னொருத்தர் இலைக்குப் போகவில்லை. சாப்பிட்டு முடித்த டாக்டர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்து, "எந்த காலேஜ்லம்மா படிச்சீங்க?" என்று கேட்டார்.

"மூணாங்கிளாசுங்க. அதுவும் பாதி" என்றேன். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் வயதுக்காரர்களே, இதை நான் கைப்பட எழுதுகிறேன். மளிகைப் பட்டியல் எழுதி எழுதிப் பழகிய கை இது. கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் என் கரண்டி படாத மண்டபம் இல்லை. இரண்டு வேன் வாங்கினேன். மாடி வைத்து வீடு கட்டினேன். எவன் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. ஆனால் ஆளுக்கொரு விதமாக ஆக்கிப் போடுகிற இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவேன். உங்களிடம் அப்படி மழுப்ப முடியாது. நீங்களும் அந்தக் காலத்துப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

அப்போதெல்லாம் ஒரு பந்தி என்றால் ஒரு சாப்பாடு. பண்ணைக்காரர் இலையில் விழுவதுதான் பக்கத்து இலையிலும் விழ வேண்டும். ஒருத்தருக்கு ஒன்று, அடுத்தவருக்கு வேறொன்று என்று போட்டால் அதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். அப்படி வஞ்சனை செய்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். விரதம் இருக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாமிக்காக ஒருத்தர் சோற்றை விட்டால் எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். உடம்புக்காக விட்டால், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டு மறைக்கிறவர் மாதிரி பார்ப்பார்கள்.

எங்கள் வீடு நைனார்பாளையம் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் ஓட்டினார். எனக்குப் பதினோரு வயது. அக்காவுக்குப் பதினெட்டு. நான் சொல்லப்போவது மல்லாட்டை பிடுங்கி முடித்து, காய் காயப்போட்டிருந்த ஒரு பருவத்தில் நடந்தது. வாசல் பூராவும் பச்சை வேர்க்கடலையின் மண் வாசனை. காலில் எப்போதும் செம்மண்.

அதற்கு முந்தின வருடம்தான் மாமா செத்துப்போயிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவருக்கு ஒரு கால் விரல் போயிருந்தது. எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்து அம்மாதான் பார்த்தாள். வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரும், புண் துடைத்த பழந்துணியுமாக, அந்த அறையின் வாடை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. நெல்லுச்சோறு கூடாது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் ஒரு அம்மாளிடம் சாமை வாங்கி, ஒரு கல்சட்டியில் தனியாக ஆக்கிப் போடுவாள் அம்மா.

"இன்னாக்கா, என்ன குருவின்னு நெனச்சிக்கினியா? தானியமா போட்டுக்கினே கீற" என்பார் மாமா.

"குருவியா இருந்தா பறந்துனா போயிருப்பியே. துன்னுடா" என்பாள் அம்மா.

தினமும் காலையில் மாமா என்னைக் கூப்பிடுவார். அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்திருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்வது என் வேலை. மொய்த்திருந்தால் சர்க்கரை ஜாஸ்தி. இல்லாவிட்டால் கம்மி. கடைசி மாதம் முழுக்க எறும்பு வரிசை கட்டி நின்றது. நான் "ஒண்ணும் இல்ல மாமா" என்றே சொல்லிவந்தேன். அவர் முகம் அப்படியே மலரும்.

மாமா செத்த மறுவருடம்தான் அக்காவுக்கு வரன் வந்தது. கொண்டுவந்தவர் கள்ளக்குறிச்சியில் மல்லாட்டை வியாபாரம் செய்த பாய். அப்பாவிடமும் அவர்தான் காய் எடுப்பார், மாப்பிள்ளை வீட்டிலும் அவர்தான். "கரும்பு போடற வூடு. சொந்த நெலம். பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. நான் இதுக்கு ஜவாப்தாரி" என்றார். குத்தகைக்காரன் பெண்ணுக்கு அப்படி ஒரு இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. அப்பா அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவே இல்லை, சந்தோஷத்தில்.

முதல் தடவை பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் பாயும் மட்டும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாட்டசாட்டமான ஆள். குரல் தெருக்கோடி வரை கேட்கும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உங்கக்காவுக்குத் தொணையா நீயும் எங்க வூட்டுக்கு வந்துடறியா?" என்று கேட்டு, தலையில் செல்லமாகக் குட்டினார். கிளம்பும் முன் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து, பழக்க தோஷத்தில் நான் அந்தப் பக்கம் போனேன். ஈரம் காய்ந்த இடத்தில் கட்டெறும்பு.

அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். வாய் மூடும் முன் அறை விழுந்தது.

"வெளிய யார்னா கிட்ட சொன்ன, நாக்குல சூடு போட்டுடுவேன். உங்கக்கா கல்யாணம்டி இது. நீ பாக்கல. ஒண்ணும் பாக்கல. இன்னா?"

"பாக்கல."

அதோடு அம்மா அதை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா சந்தையில் சாமை வாங்கிவந்து அடுக்குப் பானைக்குள் ஒளித்து வைத்ததைப் பார்த்தேன்.

அந்தச் சாப்பாட்டுக்கு அம்மா போட்ட கணக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு நான் இன்றைக்குப் போடும் திட்டம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. விளக்கு வைத்ததும் சாப்பாடு, அதன் பிறகு தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. அன்று கிருத்திகை. மாப்பிள்ளையின் அம்மா இரவில் சோறு தொடமாட்டார். அவருக்கு இட்லியும் பாலும் பழமும். மாப்பிள்ளையின் பெரிய அத்தைக்கு பிரஷர். கடலூர் ஆஸ்பத்திரியில் காட்டியதைக் கோயிலுக்குப் போய்வந்ததுபோல் சொல்லிக்கொள்கிற ஆள் அவர். அவருக்கு உப்புப் போடும் முன் கூட்டிலும் குழம்பிலும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பாய்க்குக் கறி போட முடியவில்லையே என்று அப்பாவுக்குக் குறை. "காரக்கொழம்பு வையிங்க, போதும். பிரியாணிய நான் எங்கூட்ல துன்னுக்கறேன்" என்று பாய் சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் அம்மா மூளையைச் செலவழித்தாள். பொதுச் சமையலையே அவருக்கு ஆகிற மாதிரி மாற்றினாள். உருளைக்கிழங்கு இல்லை. அவரைக்காய்க் கூட்டு, வாழைப்பூ வடை, முருங்கைக்கீரை, வெந்தயம் தூக்கலாகப் போட்ட காரக்குழம்பு. யார் கேட்டாலும் "இதான் எங்க பக்கத்து சமையல்" என்று சொல்லிவிடலாம். மிச்சம் இருந்தது சோறும் பாயசமும். சாமையை நன்றாகத் தீட்டி, குழையாமல் வடித்தால் லாந்தர் வெளிச்சத்தில் அரிசிச் சோற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. சின்னப் பாத்திரத்தில் எடுத்துவந்து அவர் இலையில் போட்டதும் உடனே குழம்பை ஊற்றி மூடிவிட வேண்டும். பாயசம் ஊற்றுவது நான். "அவரு எலைகிட்ட வரும்போது பக்கெட்டுல கம்மியா கீற மாதிரி எங்கிட்ட வந்து நில்லு. அதுக்குள்ள மோரு வந்துடும்" என்றாள் அம்மா. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் சம்மதிக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் சாமை என்றால் வக்கில்லாதவன் சோறு. சம்பந்திக்கு அதைப் போடுவதைவிடப் பட்டினி போடலாம் என்பார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். ஆனால் அப்பா பெருமைக்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு எடுத்துவந்துவிட்டார். அம்மா அதைப் பார்த்தது இலை போட்ட பிறகுதான். உஸ்ஸென்ற சத்தத்தோடு அது பந்திக்கு நேர் மேலே தொங்கியது. இலையில் இருக்கும் நரம்பைக்கூட எண்ணலாம். அவ்வளவு வெளிச்சம்.

பெண்கள் உள்ளே தனியாக உட்காருவதுதான் வழக்கம். பெரிய அத்தை மட்டும், "எனுக்கு எந்தம்பி பக்கத்துல தான்" என்று ஆண்கள் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அம்மா உப்பில்லாத கூட்டை வைத்தபோது, "ஆங், பரவால்லியே, ஞாபகம் வச்சிக்கினு செஞ்சிருக்கியே" என்று பாராட்டினார். அடுத்து அம்மா சின்னப் பாத்திரத்தோடு மாப்பிள்ளையின் அப்பா இலைக்குக் குனிந்தாள். போட்டாள். குழம்புக்காகத் திரும்பினாள்.

"இன்னாது இது?" என்றார் அத்தை. "தம்பி, என் எலையப் பாரு, ஒன் எலையப் பாரு. எனுக்கு நெல்லுச்சோறு. ஒனுக்கு நொய்யி."

எதிரே இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "நொய்யி இல்ல அத்த. சாமை."

"சாமையா! கரும்பு போடற கைக்கு சாமை சோறா? கோழிக்கு வச்சிருந்தத கொண்டாந்து கொட்டிட்டீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, ஒடம்புக்கு நல்லதுன்னு தாங்க..." என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அப்பா தலையை நிமிர்த்தினார். "என் ஒடம்புக்கு இன்னாம்மா?"

அம்மா என்னவென்று சொல்வாள்? அவர் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிமிஷம்தான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு அவர் கண் சிவந்தது மட்டும்தான் தெரிந்தது.

அவர் சாமையை இலை ஓரத்துக்கு ஒதுக்கினார். "நெல்லுச்சோறு போடுங்க." போட்டார்கள். இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். நான் பாயசப் பக்கெட்டோடு வந்தேன். சொல்லிக்கொடுத்தபடி அவர் இலையைத் தாண்டப் பார்த்தேன்.

"ஏம்மா பாப்பா, என் எலைய மட்டும் தாண்டிக்கினு போற? ஊத்து."

நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று அம்மா லேசாகத் தலையை அசைத்தாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

"அவங்கள இன்னா பாக்கற? ஊத்துன்னேன்."

ஊற்றினேன். வழித்துக் குடித்தார். "இன்னும்." ஊற்றினேன். "இன்னும்." நாலு கரண்டி. ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே குடித்தார். வெல்லப் பாயசம் அவர் முழங்கை வரை வழிந்தது.

"அப்பா, போதும்பா" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. அவர் வாயிலிருந்து நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான். மகனுக்குத் தெரிந்திருந்தது.

துக்க வீட்டில் மூடுவதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். பந்தியே எழுந்தது. உள்ளே இட்லியைப் பிட்டு வாயில் வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவை, கையைக்கூடக் கழுவவிடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். தட்டு மாற்றுவதற்கு வைத்திருந்த பூவும் பழமும் வைத்த இடத்திலேயே இருந்தன.

அப்பா அடுப்படிக்கு வந்தார். "எவ ஆக்குனது அந்த சாமைய?"

அம்மா வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அக்கா இருந்தாள். "நான்தான்."

"யாரக் கேட்டு ஆக்குன?"

"யாரையும் கேக்கல. நான்தான் ஆக்குனேன்."

அப்பா அம்மாவை அடித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கல்சட்டியைச் சாமையோடு தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் வீசினார்.

மூன்றாம் நாள் பாய் சைக்கிளில் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றியபடியே சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கரும்புக் கொல்லையில் நினைவில்லாமல் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். உயிர் தப்பியது. பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. ஏற்கெனவே முற்றியிருந்த வியாதி. ஆனால் ஊர் அப்படிப் பேசவில்லை. பந்தியில் ஒருத்தருக்கு மட்டும் தனியாக ஆக்கிப் போட்டார்கள், அதுவும் மலைச் சாமான், அதைத் தின்றவர் மூன்றாம் நாள் விழுந்தார். ஆளை வசியம் பண்ணுவதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள் என்று பேசினார்கள். அவர் அந்தச் சாமையில் ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை. பந்தியில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தவர்கள்தான். ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை.

மருந்து வைக்கிற வீடு என்று பெயர் வாங்கியபின் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பாய் மட்டும் காய் எடுக்க வந்துகொண்டிருந்தார். அவரும் மோர் கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுவார். பங்காளி வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆளாக அம்மாவைத்தான் சமைக்கக் கூப்பிடுவார்கள். அது நின்றது. மூன்று வருடம் காத்திருந்து, அக்காவை மலை மேலே கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருத்தருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அவருக்கு அப்பாவைவிட நாலு வயதுதான் கம்மி. மலைக்கு அப்போது பஸ் எப்போதாவதுதான். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இது அத்தனைக்கும் நான்தான் காரணம் என்பது என் நெஞ்சில் அத்தனை வருடமும் இருந்தது. எறும்பைப் பார்த்தது நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அம்மாவுக்கு அந்த யோசனையே வந்திருக்காது. அக்கா கரும்புக்காரர் வீட்டு மருமகளாகப் போயிருப்பாள்.

சின்னசேலம் கல்யாணம் முடிந்த மறுவாரம், சாமை வாங்க வேனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வழக்கமாக நான்தான் போவேன். நல்ல சாமை எது என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டில் இறங்கினேன். அவள் புருஷன் செத்து வெகு காலம். மகன் கடையைப் பார்க்கிறான். மத்தியானமே மூடுபனி இறங்கி, முற்றத்துப் பலாமரம் பாதிதான் தெரிந்தது. அக்கா டீ வைத்துக் கொடுத்தாள். எதற்கு அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா, அந்த எறும்பு சமாசாரத்த அம்மாகிட்ட போயி சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்பிடி?"

"நீ சொன்னப்ப நான் பின்கட்டுல தான கம்பு இடிச்சிக்கினு இருந்தேன். ஒனுக்கு அறை உழுந்தது கூட கேட்டுச்சி."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மா அத அன்னிக்கே உட்டுட்டாங்க. நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னுட்டாங்க. நான்தான் உடல. மாமா கால் அழுகி செத்தத கூட இருந்து பாத்தவதான நானு. நாளைக்கு அந்த வூட்ல அவுருக்கு ஆக்கிப் போடப்போறவ நானு, இன்னிக்கே ஆக்கறேன்னு அம்மா கால புடிச்சேன். சாமை வாங்கியார சொன்னது நானு. ஆக்குனது நானு. அம்மா கரண்டிய மட்டும்தான் புடிச்சாங்க."

"அப்ப அம்மா ஏன்க்கா..."

"பொண்ணே மருந்து வச்சிட்டான்னு ஆயிருந்தா இந்த ரெண்டாந்தாரம் கூட கெடச்சிருக்காதுன்னாங்க. தலையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க. அதான் சொல்லல." டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "டீ ஆறுது பாரு" என்றாள்.

வேனில் மலை இறங்கி வரும்போது டிரைவர் இரண்டு தடவை ஏதோ கேட்டான். என் காதில் விழவில்லை.

நான் எடுத்த முதல் கல்யாணச் சமையல் ஞாபகத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சியில், நூறு இலை. மகள் தனியாகத் தொழில் எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அம்மா விடியும்போதே நடந்து வந்துவிட்டாள். யாரும் சொல்லாமலே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து கத்திரிக்காய் அரிய ஆரம்பித்தாள். ஒரு கூடை கத்திரிக்காயில் பாதி அரிந்தாயிற்று. பெண் வீட்டுக்காரர்கள் வரும் நேரம். நான் அம்மாவிடம் போய்க் குனிந்து, "நீ இங்க ஒக்காந்திருந்தா எவனும் எலையில கைய வைக்க மாட்டான். வூட்டுக்குப் போம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றாள். எழுந்து அரிவாள்மணையை மடக்கிச் சுவர் ஓரம் வைத்தாள். அரிந்த காய் கறுத்துவிடக் கூடாதே என்று, அத்தனையையும் அள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்து போனாள்.